ரூபாய்க்குக் காலணா: எங்கள் ஊருக்கு ரயில் வந்த கதை

திருவாரூரிலிருந்து தெற்கே போகும் ரயில்பாதையில் மாங்குடி, மாவூர் ரோடு இரண்டையும் தாண்டினால் வருவது திருநெல்லிக்காவல். சம்பந்தர் பாடிய தலம் இருக்கும் ஊர். தேவாரத்தில் திருநெல்லிக்கா; ஸ்டேஷன் பலகையில் திருநெல்லிக்காவல். அந்த ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் அரைமணி தூரத்தில் இருந்த சிற்றூரில் நான் பிறந்து வளர்ந்தேன். வெளியூர் என்று எங்கு போனாலும் முதலில் அந்த ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும்.

இந்தப் பாதையைப் பற்றி யாராவது எழுதினால், ‘வெள்ளைக்காரன் போட்ட பழைய மீட்டர் கேஜ் கிளைப்பாதை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். காரணம், இது கம்பெனிக்காரன் தன் காசில் போட்ட பாதை அல்ல. தஞ்சாவூர் ஜில்லா குடியானவர்கள் வரி கட்டி, ஜில்லா போர்டு போட்ட பாதை. நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். தீர்வை, மேல்வரி, கிஸ்து என்றால் காது தானாக நிமிரும். ஆகவே இந்த வரிக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை ஜில்லாவுக்கு ரயில் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861-லேயே ரயில் ஓடியது. அடுத்த வருஷம் அது திருச்சியைத் தொட்டது. திருவாரூர் அந்தப் பாதையில் இருந்ததால் அப்போதே ரயில் பார்த்த ஊர். அது முதலில் அகலப்பாதையாகப் போடப்பட்டு, 1875-ல் மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. நூறு வருஷத்துக்குப் பிறகு மறுபடி அகலமாக்கினார்கள். மாயவரத்துக்கு 1870-களின் கடைசியில் மெயின் லைன் வந்தது. (மயிலாடுதுறை என்பது சரியான பெயர்தான். எங்கள் வாயில் மாயவரம்தான் வரும்.)

ஆனால் இந்த இரண்டு பாதைக்கும் நடுவே இருந்த ஊர்களுக்கும், திருவாரூருக்குத் தெற்கே கடல் வரை கிடந்த ஊர்களுக்கும் ஒன்றும் இல்லை. டெல்டாவைத் தெரிந்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். காவிரியின் கிளைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. ரோடுகளும் பெரும்பாலும் அந்தந்த ஆற்றங்கரையிலேயே கிழக்கு மேற்காகப் போயின. வடக்கே இருந்து தெற்கே போக வேண்டுமென்றால் ஆற்றுக்கு ஆறு கடக்க வேண்டும். அரசலாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு என்று வரிசையாக நிற்கும். கோடையில் இறங்கி நடந்துவிடலாம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஓடம், மூங்கில் பாலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு ஊரும் ஒரு தீவு. பத்து மைல் தூரத்தில் இருக்கும் பெண்ணைக் கொடுத்த வீட்டில் துக்கம் என்றால்கூட மூன்றாம் நாள்தான் போய்ச் சேர முடியும்.

இந்த ஆறுகளை எல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு வடக்கு தெற்காக ஒரு ரயில்பாதை போட வேண்டும் என்பதுதான் ஜில்லா போர்டின் திட்டம். அதற்குப் பணம்? நிலத்தீர்வையின் மேல் ரூபாய்க்கு மூன்று பை வீதம் ரயில் மேல்வரி போட்டார்கள். இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. மூன்று பை என்றால் ஒரு காலணா. நூறு ரூபாய் தீர்வை கட்டுகிற மிராசுதார் ரயிலுக்காக ஒரு ரூபாய் ஒன்பது அணா கட்டினார். பத்து ரூபாய் கட்டுகிற சின்னக் குடியானவர் இரண்டரை அணா கட்டினார். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். அந்தக் காலத்து இரண்டரை அணா அற்பமில்லை. அதுவும் தன் ஊருக்கு ரயில் வருமா வராதா என்று தெரியாமலே கட்டியவர்கள் அதிகம். கொள்ளிடக் கரையில் இருந்தவனுக்கும் அதே காலணாதான், பட்டுக்கோட்டைக்காரனுக்கும் அதே காலணாதான்.

இப்படிச் சேர்த்த பணத்தில் மாயவரத்திலிருந்து பேரளம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. பிறகு பட்டுக்கோட்டைக்கு நீட்டி, 1903 கடைசியில் அறந்தாங்கியைத் தொட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய நூறு மைல். பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டுவது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. வருமானத்தில் போர்டுக்கும் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு ரயில் போட்டதற்குத் தஞ்சாவூர்தான் முன்னோடி. பெசவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்குக் கிருஷ்ணா ஜில்லா போர்டும், போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குக் கோயம்புத்தூர் போர்டும் பாதை போட்டதெல்லாம் பிற்பாடு.

என் தாத்தா இதை ‘போர்டு வண்டி’ என்றே சொல்வார். நாகப்பட்டினம் போகிற வண்டி ‘கம்பெனி வண்டி’. இரண்டும் ஒரே கம்பெனியின் எஞ்சின்தான், ஒரே மாதிரிப் பெட்டிதான். ஆனாலும் அவருக்கு வித்தியாசம் உண்டு. போர்டு வண்டி தாமதமாக வந்தால், வீட்டுப் பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டுவார். கம்பெனி வண்டி தாமதமானால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. வரி கட்டியது பட்டா வைத்திருந்தவர்கள்தான். ஆனால் அந்தத் தீர்வையை விளைவித்தது யார்? சேற்றில் நின்ற பண்ணையாட்கள். அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் ரயில் வந்ததில் மிராசுதாரைவிட அவர்களுக்குத்தான் பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றும். எங்கள் கடைத்தெருவில் டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்த காலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே மனிதர்கள் ஸ்டேஷனில் காசு கொடுத்து, ஒரே ஜன்னலில் ஒரே மாதிரி அட்டை டிக்கெட் வாங்கி, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து நின்றால் அவருக்குத்தான் கால் வலி. மூன்றாம் வகுப்பையே 1974-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் பலருக்கு முதன்முதலில் சரிசமமாக உட்காரக் கிடைத்த இடம் அந்த மரப்பலகைதான்.

இனி ஸ்டேஷனைப் பற்றி. ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், அதனடியில் சிமெண்ட் பெஞ்சு. பிளாட்பாரம் என்று பெயர்தான், தரையோடு தரையாக இருக்கும். பெட்டியில் ஏற வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்து எம்ப வேண்டும். கிழவிகளைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ள, உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க ஏற்றுவார்கள். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அடுத்த ஸ்டேஷனில் வண்டி புறப்பட்ட செய்தி வந்ததும் போர்ட்டர் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். அந்தச் சத்தம் வயல்வெளியில் வெகுதூரம் கேட்கும். வரப்பில் வருகிறவர்கள் அங்கேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பிப்பார்கள். பிறகு கைகாட்டி இறங்கும். அது இறங்கிவிட்டால் டிக்கெட் ஜன்னலில் தள்ளுமுள்ளு.

எங்களைப் போன்ற பையன்களுக்குப் பெரிய அதிசயம் அந்தப் பிரம்பு வளையம். ஒற்றைப் பாதை என்பதால், எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியாக ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் ஓர் இரும்புக் குண்டு கொடுக்க வேண்டும். மாஸ்டர் அறையில் இருக்கும் பெட்டி, அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் குண்டை வெளியே விடும். அதைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, வரும் எஞ்சினை நோக்கித் தூக்கிப் பிடிப்பார்கள். டிரைவர் பக்கத்து ஆள் பழைய வளையத்தைக் கீழே எறிந்துவிட்டு, கையை மடக்கி இதை வாங்கிக்கொள்வார். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஒருமுறை பையன் ஒருவன், “மாமா, அந்தக் குண்டை எஞ்சின் சாப்பிடுமா?” என்று கேட்டான். போர்ட்டர் யோசிக்காமல், “ஆமா, அது இல்லாட்டி நகராது” என்றார். சரியான பதில்தான்.

வண்டியில் என்னென்ன வந்தது என்று நினைத்தால் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கமிருந்து மீனும் கருவாடும் கூடை கூடையாக வரும். பட்டுக்கோட்டைத் தேங்காய், பேராவூரணித் தேங்காய். எங்கள் பக்கத்திலிருந்து கீரை, மோர், வாழையிலை வடக்கே திருவாரூருக்குப் போகும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை. கூடைக்காரப் பெண்களுக்கும் டிக்கெட் பரிசோதகருக்கும் நடக்கும் பேச்சு வார்த்தையை எழுத இந்த வலைப்பக்கம் தாங்காது.

அது கடல் தாண்டிப் போவதற்கும் முதல் படியாக இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் ‘மலேயாப் பணம்’ உண்டு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்து ராவுத்தர், மரைக்காயர் குடும்பங்களில் பினாங்கு, சிங்கப்பூர் போகாத வீடு குறைவு. இந்த வண்டியில் ஏறித் திருவாரூரில் மாறி நாகப்பட்டினம் போனால் அங்கே ‘ராஜுலா’ கப்பல். தகரப் பெட்டியும் பாயுமாகப் புறப்படுகிறவரை வழியனுப்ப ஊரே ஸ்டேஷனுக்கு வரும். வண்டி நகரும்வரை யாரும் அழ மாட்டார்கள்.

1974 மழைக்காலத்தில் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்தபோது ஆற்றில் வெள்ளம், ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, வயலில் தண்ணீர் நின்றதால் ரயில்பாதை மேட்டிலேயே நடந்து ஸ்டேஷனுக்கு வந்தோம். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் முழங்கால் நனையாமல் நடக்க அந்த மேடு ஒன்றுதான் வழி. தூரத்தில் கட்டிலைப் பார்த்ததுமே ஸ்டேஷன் மாஸ்டர் புரிந்துகொண்டார். நின்றிருந்த பாசஞ்சரைச் சில நிமிஷம் பிடித்து வைத்தார். கார்டு தன் பெட்டியில் கட்டிலோடு ஏற்றிக்கொண்டார். டிக்கெட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திருவாரூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி பிள்ளை பிறந்தது. அவனுக்கு இப்போது ஐம்பது வயது ஆகிவிட்டது. அவன் கார் வைத்திருக்கிறான், ரயிலில் போவதே இல்லை!

அறந்தாங்கியோடு முட்டி நின்ற பாதை 1952-ல் காரைக்குடி வரை போனது. அதன் பிறகுதான் எங்கள் பாதை ஒரு முழுப்பாதை ஆயிற்று. சென்னையிலிருந்து காரைக்குடிக்கு இந்த வழியாக ராத்திரி வண்டி ஓடியது. பிற்காலத்தில் அதற்குக் ‘கம்பன் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். மெட்ராஸில் வேலை பார்த்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அந்த வண்டிதான்.

மற்றக் கிளைகளின் கதி உங்களுக்குத் தெரியும். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போன பாதையும், பேரளத்திலிருந்து காரைக்கால் போன பாதையும் எண்பதுகளில் நிறுத்தப்பட்டன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி போன உப்பு வண்டி 2004-ல் நின்றது. அது 2023 ஏப்ரலில்தான் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அப்படி ஒவ்வொன்றாக நிற்கும்போதெல்லாம் எங்கள் ஊரில் அடுத்தது நம்முடையதுதான் என்று பேசிக்கொள்வார்கள்.

2012-ல் எங்கள் முறை வந்தது. அகலப்பாதை வேலைக்காகத் திருவாரூர்–காரைக்குடி மீட்டர் கேஜ் நிறுத்தப்பட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும் என்று பேச்சு. காரைக்குடி–பட்டுக்கோட்டை 2018-ல் முடிந்தது. பட்டுக்கோட்டை–திருவாரூர் பகுதியில் 2019 ஜூன் 1-ஆம் தேதிதான் வண்டி வந்தது. இடையில் ஏழு வருஷம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது, உள்ளூர் ஸ்டேஷனில் ரயிலே பார்க்காமல். அந்த ஏழு வருஷத்தில் கூடைக்காரப் பெண்கள் பஸ்ஸுக்கு மாற முடியாமல் தொழிலை விட்டார்கள். கூடைக்கு பஸ்ஸில் லக்கேஜ் கட்டினால் கீரையில் லாபமே இல்லை. ஒரு ரயில்பாதையை ஏழு வருஷம் மூடினால் அதில் போனவர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள். பிறகு திறந்துவிட்டு, ‘கூட்டம் இல்லையே’ என்று கணக்குக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

திரும்பி வந்த வண்டியின் கதை இன்னும் வேடிக்கை. பாதை புதிது, டெமு வண்டி புதிது, லெவல் கிராஸிங்குகளுக்கு மட்டும் ஆள் போடவில்லை. ஆகவே கேட் கீப்பரையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிப்போய் கேட்டை மூடுவார். வண்டி மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். இப்படி ஒவ்வொரு கேட்டிலும். சுமார் 150 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நானும் ஆசையோடு ஒருநாள் போனேன். எதிர்சீட்டில் இருந்த பெரியவர், “தம்பி, எங்க தாத்தா காலத்து நீராவி எஞ்சின் இதைவிட வேகமாப் போயிடும்” என்றார். என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டதில் கோபம் பாதி தணிந்துவிட்டது. ஓடி ஓடி இறங்கி ஏறிய அந்த கேட் கீப்பர்களைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கில் அதுவும் நின்றது. பின்னர் மறுபடி ஓடத் தொடங்கி, கேட்டுகளுக்கு ஆள் வந்து, நேரம் குறைந்தது.

இப்போது தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் 2023-லிருந்து இந்த வழியாகப் போகிறது. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி வண்டியும் போகிறது. நல்லதுதான். தென்காசிக்காரருக்கும் கேரளத்துக்காரருக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் அவை எங்களைப் போன்ற சிற்றூர்களில் நிற்பதில்லை. நிற்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். எக்ஸ்பிரஸ் எல்லா ஊரிலும் நின்றால் அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் எதற்கு? எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பது அது அல்ல. காலையில் பள்ளிக்கூடம், ஆபீஸ் நேரத்துக்குத் திருவாரூர் போய்ச் சேருகிற மாதிரி, சாயங்காலம் திரும்புகிற மாதிரி, தினமும் தவறாத பாசஞ்சர் வண்டிகள். காலணா கட்டியவர்கள் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

படிக்கிறவர்களில் யாருக்காவது இந்தப் பாதையில் போக வாய்த்தால் ஒரு யோசனை. திருவாரூரிலிருந்து சாயங்கால வண்டியில் ஏறினால் இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மேற்கு வெயில் அடிக்காது. பாலங்களை எண்ணிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆறு. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பாதை மேற்கே திரும்பும், தில்லைவிளாகம் வரும். முத்துப்பேட்டை நெருங்கும்போது அதே ஜன்னல் வழியாகக் கடல்காற்று வரும். கருவாட்டு வாசனை மட்டும் இப்போது வருவதில்லை.